முதல் மைட்டர் சா: எதைப் பார்த்து வாங்குவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது

மரத்தை நேராகவும் கோணத்திலும் குறுக்கே அறுக்கும் மிஷினான மைட்டர் சா வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "பிளேடு 10 இன்ச்சா, 12 இன்ச்சா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு இருக்கின்றன. நீங்கள் அறுக்கப் போகிற மரத்தில் ஆக அகலமான துண்டு எத்தனை மில்லிமீட்டர்? மிஷினை எங்கே வைக்கப் போகிறீர்கள்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால், வரிசையாக நிற்கும் மிஷின்களில் பாதி தானாகக் கழிந்துவிடும். மீதியில் நல்லதைப் பிரித்தெடுக்க ஒரு மூலைமட்டமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் இது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெளிவாக்கிக்கொள்வோம். பலகையை ஃபென்ஸ் என்கிற பின்பக்கத் தடுப்பில் ஒட்டி வைத்து, மேலிருந்து பிளேடை இறக்கிக் குறுக்கே அறுப்பதுதான் இதன் வேலை. நேராக அறுக்கலாம். மேசையைத் திருப்பிக் கோணத்தில் அறுக்கலாம், இது மைட்டர் வெட்டு. பிளேடையே சாய்த்து அறுக்கலாம், இது பெவல் வெட்டு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் காம்பவுண்ட் வெட்டு. படச் சட்டம், பீடிங், கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் பட்டி, ஸ்கர்ட்டிங், நாற்காலிக் கால், அலமாரித் தட்டு போன்றவற்றில் ஒரே அளவில் இருபது துண்டு வேண்டுமென்றால் இதற்கு இணை கிடையாது.

பலகையை நீளவாக்கில் கிழிக்க இதால் முடியாது. வளைவாக அறுக்கவும் முடியாது. முழு பிளைவுட் ஷீட்டைத் துண்டு போடுவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு கையில் பிடித்து ஓட்டும் ஒரு சர்க்குலர் சாவும் அதற்கு ஒரு நேர் கைடும் வாங்குங்கள்.

பார்க்க இதைப் போலவே இருக்கும் இன்னொரு மிஷின், இரும்புக் குழாய் வெட்டும் கட்-ஆஃப் சா. அதில் சுற்றுவது பல் வைத்த பிளேடு அல்ல, தேய்த்து அறுக்கும் வட்டு. வேகமும் வேறு, கவசமும் வேறு. "வட்டை மட்டும் மாற்றிக்கொண்டால் இரண்டு வேலையும் ஆகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரத்தூள் அடைந்து கிடக்கும் மிஷினில் இரும்புப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 1: அறுக்கப் போவதை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில், அடுத்த ஓராண்டில் செய்ய நினைக்கும் பொருள்களையும் ஒவ்வொன்றிலும் வரும் மரத்தின் அகலம், தடிமன் இரண்டையும் எழுதுங்கள். படச் சட்டம் 40 மி.மீ., கதவுப் பட்டி 75 மி.மீ., பெஞ்சின் கால் 75-க்கு 75, புத்தக அலமாரித் தட்டு 250 மி.மீ. என்று வரும். இந்தப் பட்டியலில் மிகப் பெரிய எண்தான் உங்கள் மிஷினைத் தீர்மானிக்கப் போகிறது.

விளம்பர அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் அகலம், நேராக அறுக்கும்போது கிடைப்பது. மேசையை 45 டிகிரி திருப்பினால் பிளேடு பலகையைக் குறுக்காக அல்லாமல் மூலைவாட்டில் கடக்க வேண்டியிருக்கிறது, தூரம் 1.41 மடங்காகிறது. எனவே 300 மி.மீ. அறுக்கும் மிஷின் 45-ல் ஏறத்தாழ 212 மி.மீ. தான் அறுக்கும். பிளேடைச் சாய்த்தால் உயரமும் கணிசமாகக் குறையும். நேராக 90 மி.மீ. உயரம் அறுப்பது, 45 டிகிரி சாய்வில் அதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். விவரக் குறிப்பில் நான்கு எண்களையும் தேடுங்கள்: நேர் வெட்டு, 45 மைட்டர், 45 பெவல், இரண்டும் சேர்ந்தது. கடைசி எண்ணை வெளியிடாத தயாரிப்பு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படி 2: ஸ்லைடிங் வேண்டுமா?

வகை என்று பார்த்தால் முக்கியமான கேள்வி இது ஒன்றுதான். மோட்டாரும் பிளேடும் சேர்ந்த தலை அதே இடத்தில் நின்று கீழே இறங்குவது சாதாரண காம்பவுண்ட் மிஷின். தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடுவது ஸ்லைடிங். 10 இன்ச் பிளேடு கொண்ட சாதாரண மிஷின் சுமார் 140 முதல் 150 மி.மீ. அகலம் வரை அறுக்கும். அதே பிளேடு ஸ்லைடிங்கில் 300 மி.மீ.-ஐத் தொடும்.

அப்படியானால் ஸ்லைடிங்கே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல. எடை கூடுகிறது. பல மாடல்களில் தண்டவாளம் பின்பக்கம் நீள்வதால் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. மிஷினுக்குப் பின்னால் ஒரு முழம் வெற்றிடம் விட வேண்டும். சிறிய அறையில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய தலைவலி. சுவரோரம் வைக்கும்படி வடிவமைத்தவையும் உண்டு: போஷ் சில மாடல்களில் தண்டவாளத்துக்குப் பதிலாக மடங்கும் கையைப் பொருத்துகிறது, ஃபெஸ்டூலின் காபெக்ஸில் தண்டவாளம் நகராமல் தலை மட்டும் அதன்மேல் ஓடுகிறது. இரண்டுமே முதல் மிஷினாக வாங்கத்தக்க விலையில் இருப்பவை அல்ல.

இன்னொன்று, ஓடுகிற எந்தப் பாகத்திலும் ஆட்டம் வரும். விலை குறைந்த ஸ்லைடிங் மிஷினில் அந்த ஆட்டம் வாங்கிய நாளிலேயே இருக்கும். என் கருத்தைக் கேட்டால், பட்டியலில் 150 மி.மீ.-ஐத் தாண்டும் துண்டு இல்லை என்றால், அதே பணத்தில் மலிவான ஸ்லைடிங்கைவிட நல்ல சாதாரண மிஷின் வாங்குவதே மேல். அலமாரித் தட்டுகள் உண்டு என்றால் மட்டும் ஸ்லைடிங் பக்கம் போங்கள்.

பெவல் ஒரு பக்கம் மட்டும் சாயுமா, இரண்டு பக்கமும் சாயுமா என்பதும் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் சாய்வது, கூரையோரம் அடிக்கும் பூ வேலைப்பாடு போன்றவற்றை நாள்தோறும் செய்கிறவர்களுக்கு நேரம் மிச்சம். மற்றவர்கள் பலகையைத் திருப்பிப் போட்டு அறுத்துக்கொள்ளலாம்.

படி 3: பிளேடு அளவு

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். பரவலாகக் கிடைப்பவை 216, 254, 305 மி.மீ., அதாவது எட்டரை, 10, 12 இன்ச். 12 இன்ச் ஸ்லைடிங் இல்லாமலேயே 200 மி.மீ. அளவுக்கு அறுக்கும், தடித்த கட்டைகளையும் ஒரே இறக்கத்தில் முடிக்கும். ஆனால் பிளேடு பெரிதாகப் பெரிதாக விளிம்பு அதிர்வது கூடும், பிளேடு விலையும் சாணை பிடிக்கும் செலவும் கூடும். 12 இன்ச் ஸ்லைடிங் மிஷின்கள் 25 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மாடிப்படியில் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் தெரியும்.

பெரும்பாலான வீட்டு வேலைக்கு 10 இன்ச் சரியான நடுவழி. பிளேடு வகைகளும் இதில்தான் ஏராளம். பலர் கவனிக்காமல் விடுவது 216 மி.மீ. ஸ்லைடிங். அகலம் சுமார் 300 மி.மீ. வரை கிடைக்கும், உயரம் 60 முதல் 70 மி.மீ., ஒருவரே தூக்கிப் போய் வைக்கலாம். தடித்த கட்டை அறுக்காதவர்கள் இதைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

பிளேடின் நடுத் துளையையும் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கும் மாடலுக்கும் தகுந்தபடி 30, 25.4, 15.88 மி.மீ. என்று மாறும். உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பிளேடின் துளையும் மிஷினின் தண்டும் பொருந்த வேண்டும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 10 இன்ச் மிஷின்கள் பெரும்பாலும் 1500 வாட் முதல் 2000 வாட்டுக்குள் இருக்கும், வீட்டு மரத்துக்கு அது போதும். விசையை விட்டதும் சில நொடிகளில் பிளேடை நிறுத்தும் மின் பிரேக் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். மெதுவாகக் கிளம்பும் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் நல்லது. விசையை அழுத்தியதும் தலை துள்ளாது. பேட்டரியில் ஓடுபவை கட்டட வேலைக்கு வசதி. வீட்டில் பிளக் பாயிண்ட் இருக்கும்போது அந்தக் கூடுதல் பணத்தை வேறு எதிலாவது போடலாம்.

படி 4: கையால் தொட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மைட்டர் சா வாங்குவது கோணத்துக்காக. கோணம் நிற்காத மிஷினில் மோட்டார் எத்தனை வாட் இருந்தென்ன?

சின்னக் கணக்கு ஒன்று. நான்கு மூலை கொண்ட படச் சட்டத்தில் எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றும் 45-க்குப் பதில் அரை டிகிரி குறைந்தால் மொத்தப் பிழை 4 டிகிரி. மூன்று மூலையை ஒட்டிவிட்டு நான்காவதைச் சேர்க்கும்போது அத்தனையும் அங்கே வந்து நிற்கும். 50 மி.மீ. அகலச் சட்டத்தில் அந்த மூலை ஏறக்குறைய 5 மி.மீ. வாய் பிளக்கும். பிழை பத்தில் ஒரு டிகிரியாக இருந்தாலும் 1 மி.மீ. இடைவெளி தெரியும். அளவுக்கோட்டில் அரை டிகிரி என்பது ஒரு மயிரிழை.

எனவே கடைக்குப் போகும்போது மூலைமட்டமும் ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ஸ்கேலை ஃபென்ஸின் இடப்பாதி, வலப்பாதி இரண்டிலும் படும்படி நிறுத்துங்கள். இரண்டு பாதியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் தெரிந்தால் அந்த ஃபென்ஸ் வளைந்தது. இதைச் சரிசெய்வது கடினம், சிலவற்றில் முடியவே முடியாது.

தலையைக் கீழே இறக்கிப் பூட்டுங்கள். மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தை மேசையிலும் மறுபக்கத்தைப் பிளேடின் தட்டிலும் வைத்துப் பாருங்கள். பல்லின் மேல் வைக்கக் கூடாது. கார்பைடு பற்கள் தட்டைவிட அகலமாகத் துருத்திக்கொண்டிருக்கும், அளவு பொய் சொல்லும். இதேபோல் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் பாருங்கள். புது மிஷினில் இவை சற்று விலகியிருப்பது குறையே அல்ல, திருகைத் தளர்த்தித் திருத்தலாம். திருத்திய பிறகு நிற்கிறதா என்பதுதான் விஷயம்.

அடுத்து மேசையைத் திருப்புங்கள். 0, 15, 22.5, 31.6, 45 போன்ற இடங்களில் டக்கென்று போய் உட்காரும். இவை டிடென்ட். உட்கார்ந்த இடத்தில் கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது. அப்புறம், பலர் செய்யாத சோதனை: மேசையை 44.5-ல் நிறுத்திப் பூட்டப் பாருங்கள். பூட்டும்போதே வழுக்கி 45-க்கு ஓடிவிட்டால் அந்த மிஷின் வீட்டு வேலைக்குத் தொல்லை. ஏனென்றால் வீட்டுச் சுவர்கள் துல்லியமாக 90-ல் சேர்வது அபூர்வம். மூலை 91 டிகிரி என்றால் உங்களுக்கு வேண்டியது 44.5, டிடென்ட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி. டிடென்ட்டை மீறி நிறுத்த ஒரு தனி நெம்புகோல் இருக்கும் மிஷின் நல்ல மிஷின்.

அந்த 31.6 எதற்கு என்று குழம்ப வேண்டாம். கூரை மூலையில் அடிக்கும் கிரௌன் மோல்டிங்கில் ஒரு வகையைத் தட்டையாகப் படுக்க வைத்து அறுக்கும்போது மைட்டர் 31.6, பெவல் 33.9 என்று வரும், அதற்காக வைத்தது. பலகோணச் சட்டம் செய்கிறவர்கள் 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம்: எட்டுப் பக்கத்துக்கு 22.5, ஆறுக்கு 30. ஐந்து பக்கத்துக்கு 36, அதற்கு டிடென்ட் இருக்காது, கையால்தான் நிறுத்த வேண்டும்.

ஸ்லைடிங் என்றால் தலையை முழுதாக முன்னால் இழுத்து, கைப்பிடியை மெல்ல இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். லேசாக வளைந்து கொடுப்பது வேறு, "கடக் கடக்" என்று ஆடுவது வேறு. பெவல் பூட்டு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பலவற்றில் பின்னால் இருக்கும், ஒவ்வொரு முறையும் மிஷினுக்கு மேலாகக் கை நீட்ட வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் இதெல்லாம் வீட்டில்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். ஓரங்கள் நேராக உள்ள 100 மி.மீ. அகலப் பலகையை 0 டிகிரியில் நடுவே அறுங்கள். ஒரு துண்டை மட்டும் மேல்பக்கம் கீழாகப் புரட்டி, இரண்டையும் நேர்விளிம்பு ஒன்றில் ஒட்டி வைத்து, அறுத்த முனைகளைச் சேருங்கள். தெரியும் இடைவெளி, பிழையைப் போல் இரு மடங்கு. அரை மி.மீ. இடைவெளி என்றால் மிஷின் ஏறத்தாழ 0.14 டிகிரி விலகியிருக்கிறது. மூலைமட்டம் காட்டாததையும் இது காட்டிக் கொடுத்துவிடும்.

லேசர் கோட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அதையே முதலில் சரிசெய்ய வேண்டும், அதிர்வில் மறுபடி விலகும். பிளேடின் நிழலையே மரத்தில் விழவைக்கும் எல்.இ.டி. விளக்கு அதைவிட எவ்வளவோ மேல். நிழல் பிளேடினுடையது என்பதால் விலகுவதற்கு அதில் எதுவும் இல்லை.

படி 5: பிளேடுக்குப் பணம் ஒதுக்குங்கள்

பெட்டியோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 முதல் 40 பல் கொண்டது. கட்டுமானக் கட்டைக்கு அது போதும், படச் சட்டத்துக்குப் போதாது. வெட்டு முனையில் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். 10 இன்ச்சில் 60 பல் பிளேடு பொது வேலைக்கு, 80 பல் பீடிங், சட்டம் போன்ற நுண்வேலைக்கு. நடுத்தர மிஷினில் நல்ல பிளேடு போட்டால் வரும் வெட்டு, விலையுயர்ந்த மிஷினில் மட்டமான பிளேடு போட்டு வராது. இதை முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பல் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று, பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். மேசையின் நடுவே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சாவில் நீளவாக்கில் கிழிக்கும் பிளேடுகளில் இது 20 டிகிரி வரை இருக்கும். அதை மைட்டர் சாவில் மாட்டினால் பல் மரத்தைக் கவ்வி இழுக்கும், ஸ்லைடிங்கில் தலையே உங்கள் பக்கம் பாயும். மைட்டர் சாவுக்கு என்று விற்பவற்றில் கோணம் சுழியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும், –5 முதல் +5 வரை. பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

படி 6: இடம், தூசி, சத்தம்

மிஷினின் மேசை சின்னது. 2.4 மீட்டர் பலகையின் ஒரு முனையை அறுக்கும்போது மறுமுனை தொங்கினால் கோணம் போயிற்று, பிளேடும் மாட்டிக்கொள்ளும். அதனால் இருபுறமும் மிஷின் மேசைக்குச் சமமான உயரத்தில் தாங்கு வேண்டும். தனி ஸ்டாண்ட் வாங்கலாம், அதே உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி செய்தும் வைக்கலாம். மிஷின் வாங்கியதும் செய்யும் முதல் வேலையாக அந்தப் பெட்டிகளே இருக்கட்டும். இடம் குறைவென்றால் பலகையை முனை மாற்றிப் போட்டு அறுக்கலாம், அப்போது ஒரு பக்கம் நீளமாகக் காலியிருந்தால் போதும்.

கூடவே வரும் தூசிப் பை பேருக்குத்தான். வாக்யூம் குழாய் மாட்டும் வசதி இருக்கிறதா, உங்கள் குழாய் அதில் பொருந்துமா என்று பாருங்கள். அப்படியும் எல்லாத் தூளும் பிடிபடாது, மாஸ்க் போட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சத்தமும் அப்படித்தான்: நாள் முழுக்கக் கேட்கத்தக்க வரம்பு 85 டெசிபல், இந்த மிஷின்கள் 100-ஐ ஒட்டிப் போகும். காதுக் கவசம் மிஷினோடு சேர்த்து வாங்க வேண்டிய சாமான்.

பழைய மிஷின் வாங்குவதானால் படி 4 முழுதும் செய்யுங்கள். கூடுதலாக, பிளேடை மறைக்கும் கீழ்க் கவசம் தானாக மூடுகிறதா என்று பாருங்கள். அதைக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

முதல் வெட்டு

கையும் பிளேடும் எப்போதும் 150 மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும். அதற்குள் கை போக வேண்டிய அளவுக்குத் துண்டு சிறியது என்றால் கிளாம்ப் போடுங்கள், அல்லது நீளமான கட்டையிலிருந்தே அந்தத் துண்டை அறுத்தெடுங்கள். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிக்கக் கூடாது. கையுறை போடக் கூடாது, தொளதொளச் சட்டையும் கூடாது. கண்ணாடி கட்டாயம்.

பலகை ஃபென்ஸிலும் மேசையிலும் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். வளைந்த பலகை என்றால் புடைத்த பக்கத்தை ஃபென்ஸோடு வையுங்கள். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகு மெதுவாக இறக்குங்கள். வெட்டு முடிந்ததும் விசையை விட்டு, பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள். சுற்றும் பிளேடைத் தூக்கும்போதுதான் சின்னத் துண்டுகள் தெறிக்கும். ஸ்லைடிங்கில் வரிசை இது: தலையை உங்கள் பக்கம் இழுத்து, விசையை அழுத்தி, கீழே இறக்கி, பின்னோக்கித் தள்ளி அறுப்பது. இறக்கிவிட்டு இழுத்து அறுத்தால் பிளேடு மரத்தின்மேல் ஏறி உங்களை நோக்கி வரும்.

ஒரே அளவில் பல துண்டு அறுக்க, பலகையின் முனை முட்டி நிற்கும்படி ஸ்டாப் கட்டை வைப்பீர்கள். அதை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கத் துண்டு தடையில்லாமல் விலக இடம் வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்தால் துண்டு பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவில் நெருக்குண்டு எகிறும். ஸ்டாப்பின் அடியில் தூள் சேர்ந்தாலும் அளவு மாறும், அதனால் கட்டையின் கீழ் மூலையை லேசாகச் சீவிவிடுங்கள். தூள் அந்த இடுக்குக்குள் போய்விடும்.

மிஷினை இடம் மாற்றினாலோ பிளேடை மாற்றினாலோ மூலைமட்டத்தை ஒருமுறை எடுத்துவிடுங்கள். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். பல மிஷின்களில் பிளேடு போல்ட் எதிர்ப்பக்க மரை. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் அழுத்தினால் இன்னும் இறுகிக்கொண்டே போகும்.